விலை பேசாத பொருள்கள்

சென்னையில் எந்தக் குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும், இரண்டு மூன்று தெருவுக்கு ஒன்றாகவாவது ஒரு பழைய பேப்பர் கடை கண்ணில் படாமல் இராது. வாசலில் ஒரு தராசு, சுவரோரமாகக் கூரையைத் தொட்டு நிற்கும் செய்தித்தாள் கட்டுகள், நசுக்கி அடுக்கிய அட்டைப்பெட்டிகள், உள்ளே செம்புக்கும் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் தனித்தனியாகச் சாக்குகள் என்று, அரசாங்கம் கழிவுகளைப் பற்றி விதிகள் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, எந்தப் பிரசாரமும் இல்லாமல், யாருடைய பாராட்டையும் எதிர்பாராமல், இந்தக் கடைக்காரர்கள் நகரத்தின் பொருள்களை மறுபடியும் ஆலைகளுக்கு அனுப்பிவைக்கும் மகத்தான காரியத்தைச் செய்துவருகிறார்கள். எங்கள் தெருக்கோடியில் இருப்பவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் வாங்கினால், முதலில் லேசாக வளைத்துப் பார்ப்பார். பிறகு நகத்தால் கீறுவார். சில சமயம் தரையில் தட்டிச் சத்தம் கேட்பார். அந்த மூன்று பரீட்சைகளிலேயே அது எந்தச் சாக்குக்குப் போகவேண்டியது என்பது தீர்மானமாகிவிடும்.

ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: “பால் கவரை அப்படியே அள்ளிக்கிட்டு வராதீங்கம்மா. கழுவிக் காயவெச்சுக் குடுங்க, தனி ரேட்டு போட்டுக்கறேன். பாலோட வந்தா ரெண்டு நாள்ல நாறிடும், அப்புறம் எவனும் எடுக்க மாட்டான்.”

“இந்த சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர் எல்லாம்?” என்றேன்.

“அது வேணாம்மா. அது யாருக்குமே வேணாம்.”

அவர் வேண்டாம் என்று தள்ளியதில் ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. பால் உறை ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. உருக்கினால் மறுபடியும் உருவெடுக்கும். நொறுக்குத்தீனி உறையோ, பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும் மீண்டும் பிளாஸ்டிக்குமாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டப்பட்டது. அந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு, பிரித்தெடுத்த பிறகு கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். தெர்மோகோலின் கதை வேறு: ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் தராசில் எடை நிற்காது. உடைந்த கண்ணாடி, எரிந்துபோன ட்யூப் லைட், தேதி முடிந்த மாத்திரைகள், நாப்கின், வீங்கிப்போன கைபேசி பாட்டரி ஆகியவற்றைப் பற்றி அவரிடம் பேச்சே எடுக்க முடியாது.

நகரத்துக் குடித்தனத்தைப் பற்றி எனக்குள்ள முக்கியமான அபிப்பிராயம் இதிலிருந்துதான் ஆரம்பமாகிறது. விலை உள்ள பொருளை நாம் கவனிக்கிறோம். அதற்கு உபதேசமே தேவையில்லை. பழைய பித்தளைக் குழாயை யாரும் குப்பையில் போடுவதில்லை. இன்வர்ட்டரின் பழைய பாட்டரியைக் கடையில் கொடுத்துப் புதிதில் தள்ளுபடி வாங்காமல் யாரும் விடுவதில்லை. ஆனால் எதற்கு ஒருவரும் விலை பேசுவதில்லையோ, எதற்கு மாதாமாதம் பில் வருவதில்லையோ, அதன்மேல் நம்முடைய பார்வை விழுவதே இல்லை. யாரும் வாங்காத குப்பை அப்படிப்பட்டது. காஸ் அடுப்பின் ரப்பர்க் குழாய் அப்படிப்பட்டது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பொத்தானும் அப்படிப்பட்டதே. ஆகவே இந்தப் பதிவில், தானாகவே கவனம் பெற்றுக்கொள்ளும் காரியங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, கேட்பாரற்றுக் கிடப்பவற்றைப் பற்றியே விஸ்தாரமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் குப்பை. இந்த மாநகரம் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேலாகக் கழிவுகளை வெளியே தள்ளுகிறது. பல ஆண்டுகளாக அவை வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்குமே போய்ச் சேர்ந்தன. பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ, 2022ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். அதே ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் அந்தக் கிடங்கில் மூண்ட தீ, தீயணைப்பு வண்டிகள் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்தும் சில நாட்கள் அடங்காமல் எரிந்து, சுற்றுவட்டார மக்களின் வீடுகளுக்குள் புகையை நிரப்பியது பலருக்கு நினைவிருக்கும். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றோட்டம் இல்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் என்ற எரிவாயு உண்டாகிறது. கோடை வெயிலில் ஒரு பொறி விழுந்தால் அதற்குப் போதுமான எரிபொருளாக அந்தப் பிளாஸ்டிக்கே அமைந்துவிடுகிறது. மலைபோல் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை இப்போது நடந்துவருகிறது என்பது ஆறுதலான செய்திதான். என்றாலும், இன்று நம் சமையலறையில் கலந்துபோவதை நாளை ஒரு யந்திரத்தைக் கொண்டு பிரிக்கவைப்பது நியாயமான ஏற்பாடு ஆகாது.

வீட்டுக் குப்பையில் எடையைப் பார்த்தால் பாதிக்கும் மேல் மட்கக்கூடியதே. அது தனியாக இருந்தால் உரம். காகிதத்தோடு கலந்தால் காகிதமும் வீண், உரமும் வீண். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மட்குவது, மட்காதது, வீட்டு உபயோகத்தில் வரும் அபாயகரமான கழிவு. இந்த மூன்றாவதைத்தான் அநேகமாக எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்பதால் அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மட்குவதை வீட்டிலேயே உரமாக்க விரும்புகிறவர்களுக்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு, சுற்றிலும் அடியிலும் துளைகள், அடியில் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு சாக்கில் தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ இருந்தால் போதும். அன்றன்றைய காய்கறித் தோலைத் தண்ணீர் வடித்துப் போட்டு, அதன்மேல் அது மறையும்படி நார்த்தூளைத் தூவி, ஆரம்பத்தில் ஒருமுறை புளித்த மோர் கொஞ்சம் தெளித்து, வாரத்துக்கு இரண்டு தரம் ஒரு குச்சியால் அடிமுதல் கிளறிவிட்டால், ஒரு வாளி நிறைந்து அடுத்த வாளி நிறைவதற்குள் முதலாவது கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு உதிரத் தொடங்கும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு கை நார்த்தூள் போட்டுக் கிளறினால் மறுநாளே சரியாகும். குழம்பு, எண்ணெய், மீன், இறைச்சி ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் சேர்க்காமல் இருப்பது உத்தமம். மாவிலையும் பூஜைப் பூவும் நன்றாக மட்கும். ஆனால் பூச்சரத்தின் நாரும் நூலும் வாழைநாராக இல்லாமல் நைலானாக இருப்பதுண்டு, அதைப் பார்த்து உருவிவிட வேண்டும். கொட்டாங்குச்சி மட்க வெகுகாலம் பிடிக்கும்.

மட்காததில் ஒன்று: பால் உறையை வெட்டும்போது மூலையை முழுவதும் துண்டித்து எறியாமல், ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால், அந்தச் சிறு முக்கோணமும் உறையோடு சேர்ந்தே கடைக்குப் போகும். துண்டிக்கப்பட்ட முக்கோணம் எந்தச் சல்லடையிலும் நிற்பதில்லை. சாக்கடையில் கலந்து கடலுக்குப் போகிறது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துண்டு என்று வைத்துக்கொண்டாலும், நகரம் முழுவதற்கும் எத்தனை என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி அந்த மூன்றாவது வகை. நம் வீட்டுக் குப்பையை எடுத்துக்கொண்டு போகிற தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் கையாலேயே அதைக் கிளறுகிறார். கையுறை இருந்தாலும் உடைந்த கண்ணாடி டம்ளருக்கும் இன்சுலின் ஊசிக்கும் முன்னால் அது எம்மாத்திரம்? இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே இல்லை. கண்ணாடிச் சில்லை நாலைந்து தாள்களில் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே சிவப்பு மையால் ‘கண்ணாடி’ என்று எழுதி, அவர் வரும்போது நாமே கையில் கொடுத்து வாயாலும் சொல்லவேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கும் வீட்டில் ஊசிகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடிச் சேர்த்துவைக்க வேண்டும். நாப்கினையும் குழந்தையின் டயாப்பரையும் தாளில் சுற்றிச் சிவப்பாக ஒரு புள்ளி வைத்துத் தனியே கொடுத்தால், பிரிக்கிறவர் அதை அவிழ்த்துப் பார்க்கும் அவமானத்துக்கு ஆளாகமாட்டார். இன்னொருவருடைய தேகமும் மானமும் நம்முடைய சில நிமிஷச் சிரத்தையால் காப்பாற்றப்படும் என்றால், அதைச் செய்யாமலிருக்க நமக்கு என்ன நியாயம் உண்டு?

ட்யூப் லைட்டிலும் சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்கிலும் சொற்ப அளவில் பாதரசம் இருக்கிறது. இவை வீட்டுக்குள் உடைந்துவிட்டால் உடனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. துடைப்பம் அந்தத் துகளைக் காற்றில் கிளப்பிவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளை அப்புறப்படுத்திக் கால்மணி நேரம் வெளியே இருந்தபின், கெட்டி அட்டையால் சில்லுகளைத் தள்ளி எடுத்து, ஈரத் தாளால் தரையை ஒற்றி, எல்லாவற்றையும் ஒரு மூடிபோட்ட பாட்டிலில் அடைத்துத் தனியாகக் கொடுக்கவேண்டும். வீங்கிய லித்தியம் பாட்டரி இதைவிடப் பொல்லாதது. குப்பை லாரி அதை அழுத்தி நசுக்கும் கணத்தில் தீப்பிடிக்கும். ஆகையால் அதை ஒருபோதும் குப்பையில் போடாமல், முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடமே சேர்க்கவேண்டும்.

பாட்டரி என்றதும் ஒரு துயரச் செய்தி நினைவுக்கு வருகிறது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் போடப்பட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிட்டு வண்டிக்குச் சார்ஜ் போடுவதைச் சர்வ சாதாரணமாகப் பார்க்கிறேன். மாடிப்படியின் அடியில், அதாவது தீப்பிடித்தால் எல்லாரும் இறங்கி ஓடவேண்டிய ஒரே வழியில், வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுவது மகா பாதகம். எர்த் இணைப்புள்ள பெரிய பிளக், வண்டியோடு வந்த சார்ஜர், திறந்த இடம், நாம் விழித்திருக்கும் நேரம் ஆகிய இந்த நான்கும் இருந்தாலொழியச் சார்ஜ் போடவேண்டாம் என்று குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானமே போட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் பொதுவாக ஒரு முறையான இணைப்பை ஏற்படுத்திக் கொடுக்கலாம்.

காஸ் சிலிண்டரைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. சிலிண்டரின் கழுத்தைச் சுற்றியுள்ள மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருப்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருஷத்தைக் காட்டும். அடுத்த சோதனைக்கு அந்தச் சிலிண்டர் போகவேண்டிய காலம் அதுதான். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அது நம்முடைய உரிமை. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயின்மேலும் அதன் ஆயுள் அச்சிடப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வெடிப்பே தெரியவில்லையே என்று சிலர் காத்திருப்பார்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பதற்காகவா அதன்மேல் வருஷத்தை அச்சடித்திருக்கிறார்கள்?

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவி, தாழ்ந்த இடங்களில் தேங்கும். அதற்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே அழுகின முட்டைக்கோஸ் போன்ற நாற்றமுள்ள ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும். காற்றை வெளியே தள்ளுவதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான் ஜனங்கள் இயல்பாகச் செய்யும் காரியம், அதுவே பேராபத்து. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து நின்று, பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். வயதாக ஆக முகரும் சக்தி குறைகிறது. ஆகவே பெரியவர்கள் மட்டும் தனியே இருக்கும் வீடுகளில் கசிவு உணரும் சிறு கருவி ஒன்றைச் சிலிண்டர் பக்கத்தில், தரைக்குச் சற்று மேலே பொருத்துவது அத்தியாவசியம் என்பேன். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் விடவேண்டாம். அடுப்பை அணைத்து ஒரு தட்டால் மூடினால் தீ தானே அடங்கும்.

மின்சாரத்தில் உயிர்காக்கும் சாதனம் ஒன்று உண்டு. அதைத்தான் மீட்டர் பக்கத்துப் பொத்தான் என்று மேலே குறிப்பிட்டேன். ஆர்.சி.சி.பி. என்று சொல்கிறார்கள். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவருடைய உடல் வழியாக 30 மில்லிஆம்பியர் அளவு கசிந்தாலும் கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்தினால் கருவியின் விசை கீழே விழவேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம் என்று தெரிந்து உடனே எலெக்ட்ரீஷியனை அழைக்கவேண்டும். 300 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்தால் அது தீயைத் தடுக்கத்தான் உதவும், மனிதரைக் காக்காது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு மட்டுமே ஏற்பட்டது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை மல்டி பிளக்கில் சொருகினால் பிளக் சூடாகி உருகத்தான் செய்யும்.

மின்செலவைப் பொறுத்தவரை நான் சுருக்கமாகவே எழுதலாம். ஏனெனில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வந்து அந்தப் பாடத்தைத் தானே நடத்திவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டாவது நூறுக்கான சலுகைக் கட்டணம் கைவிட்டுப்போய் மேலே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும் என்பதும் தெரிந்ததே. ஆகவே அந்த 500க்குள் நிற்பதற்கு எங்கே குறைக்கலாம் என்பதே கேள்வி. விளக்கை அணைப்பதில் பெரிய லாபம் இல்லை, எல்.இ.டி. விளக்கு இழுப்பது சொற்பம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறிக்கு ஏறக்குறைய நூறு. ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து மெதுவாக விசிறியையும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அலுவலகத்தின் கணக்கு. 2020 முதல் விற்பனையாகும் ஏ.சி.க்கள் போட்டவுடன் 24இலேயே தொடங்குவதும் அந்த அலுவலகத்தின் ஏற்பாட்டினால்தான். தொலைக்காட்சியை அணைத்த பிறகும் செட்டாப் பெட்டி விழித்துக்கொண்டிருக்கிறது; அது 10 வாட் இழுப்பதாக இருந்தால், இரண்டு மாதத்தில் 14 யூனிட் அதன் பேரில் போய்விடும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, குளிர்ச்சி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ரப்பரை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்றவேண்டியதில்லை. இனிப் பயனில்லை என்ற நிலை வந்து புதிதாக நட்சத்திரக் குறி நிறைந்த பெட்டியை வாங்கும்போதுதான், பழைய பேப்பர் கடைக்காரரின் தராசு எனக்கு முதன்முறையாகத் தவறான நியாயம் சொல்வதாகப் படுகிறது. அவர் பழைய பெட்டிக்கு நல்ல விலை கொடுப்பார். ஏனென்றால் அதன் கம்ப்ரஸரில் செம்பு இருக்கிறது. ஆனால் அந்தச் செம்பை எடுப்பதற்காகக் குழாயை வெட்டும்போது உள்ளேயிருக்கும் குளிரூட்டும் வாயு வானத்தில் கலந்துவிடும். பழைய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. செம்புக்கு விலை உண்டு, வாயுவுக்கு இல்லை; அதனால் ஒன்று சாக்குக்கும் மற்றது ஆகாயத்துக்கும் போகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், இத்தகைய பொருள்களைத் திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. ஆகவே புதுப் பெட்டி வாங்கும் கடைக்குப் போய் விலை பேசுவதற்கு முன்பே, “பழைய பெட்டியை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொண்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்தின் பெயரை அந்த விற்பனையாளர் ரசீதில் எழுதித் தரச் சம்மதித்தால் அங்கேயே வாங்குங்கள். மழுப்பினால் அடுத்த கடையில் கேளுங்கள்.